பதினோரு தெருவும் ஒரு பந்தும்

அந்த மஞ்சப்பையைக் கொஞ்சம் பாத்து தம்பி. காலை அதுமேல வச்சிராதிய. உள்ள பெட்டிசன் இருக்கு. மூணு காப்பி. கசங்கிச்சின்னா ஆபீசுல வாங்க மாட்டான்.

எங்க போறிய, டவுனுக்கா? டவுன்ல எங்க? பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பா! நானும் அங்கதான் எறங்கணும். நல்லதாப் போச்சு. ஒன்றரை மணி நேரம் வாயை மூடிட்டு வந்தா எனக்கு வயித்தை என்னமோ பண்ணும். இப்ப மணி என்ன? ரெண்டா? சரி சரி. நேரம் கெடக்கு.

என்ன பெட்டிசனா? கேக்கணும்னு நெனச்சிய, கேட்டுட்டிய. சொல்லுதேன்.

என் பேரு சூசை மச்சாது. ஊரு அடப்பன்பட்டினம். கேள்விப்பட்டிருப்பிய. இல்லையா? நீலக்கடல் கால்பந்துக் கழகம்னாலும் தெரியாதா? தம்பி கடக்கரைப் பக்கம் இல்ல, உள்நாட்டு ஆளு போல, பரவாயில்ல. அந்தக் கழகத்துக்கு இருபத்திரண்டு வருசமா செயலாளர் நான்தான். இந்த இருபத்திரண்டு வருசத்துல எத்தனை கோச்சு வந்தான் போனான், எத்தனை பயலுவ ஆடி ஓஞ்சி கல்யாணம் கட்டிப் போனான். செயலாளர் மட்டும் மாறல. நிலையான நிர்வாகம்னா அதுதான்.

எங்க ஊர்ல பதினோரு தெரு தம்பி. கால்பந்துலயும் பதினோரு பேருதான். இது தற்செயலா? நீங்களே சொல்லுங்க. ஆண்டவர் போட்ட கணக்கு அது.

என் அப்பா காலத்துல, தேர் வடத்தை எந்தத் தெரு மொதல்ல தொடணும்னு சண்டை வந்து, மண்டை ஒடஞ்சி, போலீசு வந்திருக்கு. அதே சண்டை பந்து டீமுலயும். எந்தத் தெருப் பயல ஆட விடுறதுன்னு. அப்ப இருந்த பங்குச் சாமியார் பாத்தாரு. கோயில்ல வச்சி திருவுளச்சீட்டு போட்டாரு. பதினோரு எடம், பதினோரு தெரு. எங்க வடக்குத் தெருவுக்கு கோல்கீப்பர் விழுந்துது. சிப்பிக்காரத் தெருவுக்கு லெப்டு விங்கு. கப்பக்காரத் தெருவுக்கு நடு பேக்கு. இப்பிடியே போவும். அன்னையிலேருந்து அந்த எடம் அந்தத் தெருச் சொத்து. திருவிழாவுல எட்டாம் நாள் உபயம் ஒரு தெருவுதுன்னா வேற தெரு போயி மாலை போட முடியுமா? பல்லு போயிரும். அது மாதிரிதான் இதுவும். அன்னைக்குப் பொறவு எங்க டீமுல ஒரு அடிதடி கெடையாது. ஜெயிச்சியளான்னு கேக்காதிய. அடிதடி கெடையாது.

எங்க அப்பா கீப்பர். பொறவு நான் கீப்பர். பொறவு என் மவன் கிளாட்வின். பெருமைக்குச் சொல்லல, மூணு தலைமொறையா அந்தக் கம்பத்துக்கு நடுவுல எங்க வீட்டு ஆளுதான் நிக்கோம். பய கொஞ்சம் குட்டை. அஞ்சடி மூணங்குலம். மேல வார பந்து மேலயே போயிரும். அதுக்கு அவன் என்ன செய்வான்? பந்தைக் கீழ அடிக்கணும்லா. மாவட்டத்துல ஒருத்தனுக்கும் ஒழுங்கா அடிக்கத் தெரியல.

நம்ம டீமுலயும் நெட்டப் பய இருக்கான். சிப்பிக்காரத் தெரு பெனோ. ஆறடி ரெண்டங்குலம், கையத் தூக்கினா கம்பத்துக்கு மேல போவும். அவன் லெப்டு விங்கு. பத்தடி ஓடுனா இடுப்பப் புடிச்சிட்டு நிப்பான். கப்பக்காரத் தெருவுல எளவட்டமே கெடையாது, எல்லாம் கப்பலுக்குப் போயிட்டான். மிச்சம் இருக்கது கொர்னேலி அண்ணன் ஒருத்தருதான். வயசு நாப்பத்தேழு. சக்கர வேற. அவருதான் நடு பேக்கு. எதிராளி பந்தை எடுத்துட்டு வந்தான்னா, ‘தம்பி, கொஞ்சம் மெதுவாப் போப்பா’ம்பாரு. பாதிப் பேரு மரியாதைக்கு மெதுவாப் போவான். நல்ல வளர்ப்பு உள்ள பயலுவ.

எடத்தை மாத்திப் போட்டா என்னன்னு கேக்கிய. மொகத்தப் பாத்தாலே தெரியுது. எல்லாக் கூறு கெட்டவனும் அதத்தான் கேக்கான். உங்களச் சொல்லல தம்பி. பெனோவ கீப்பராப் போட்டா வடக்குத் தெரு என்னத்துக்கு? எங்க தெருல பேரு வைக்கது, சம்பந்தம் பேசுறது எல்லாம் ‘கீப்பர் வீடு’ன்னுதான். அத விட்டுட்டு தெருவுல தலை நிமுந்து நடக்க முடியுமா?

சரி, போன வருசத்துக்கு வாரேன். மொதல் டிவிசன்ல பத்து டீமு. ஆளுக்கு ஒம்பது ஆட்டம். கடேசி ரெண்டு டீமு கீழ எறங்கணும். எங்க டீமு அறுபது வருசமா மொதல் டிவிசன். எறங்குனதே கெடையாது. நாலு ஆட்டம் முடிஞ்சிது. ஒண்ணு ஜெயிச்சோம், அதுவும் எதிர் டீமுக்காரன் வண்டி வந்து சேரல. மத்த மூணும் தோல்வி. ஊரு கொந்தளிச்சிப் போச்சி. பூசை முடிஞ்சதும் கூட்டம் போட்டாவ. ஒருத்தன் எந்திச்சான், ‘நிர்வாகத்தச் சீர்திருத்தணும்’னான். மொத ஆளா கை தட்டுனது யாரு? நான்தான். சீர்திருத்தத்துக்கு நான் என்னைக்கும் எதிரி இல்ல தம்பி. எவன்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

உடனே சீர்திருத்தக் கமிட்டி போட்டோம். தெருவுக்கு ஒருத்தர், பதினோரு பேரு. தலைவர் யாருன்னு முடிவு பண்ண மூணு கூட்டம் ஆச்சி, அதுக்குள்ள இன்னொரு ஆட்டமும் தோத்தாச்சி. கடேசில அந்தப் பாரத்தையும் நானே சொமந்தேன். யாராவது சொமக்கணும்லா.

மொதல்ல ஜெர்சியில கைய வச்சோம். பழைய நீலம் ராசி இல்லன்னு. ஒருத்தன் கடல் நீலம்னான், ஒருத்தன் ஆகாச நீலம்னான், ரெண்டு பேரு மாதா முக்காட்டு நீலம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். ஓட்டெடுத்து மாதா நீலமே வச்சோம். அது பழைய நீலம்தான், ஆனா இப்ப முறைப்படி முடிவாயிட்டு. பொறவு என் பதவி. ‘செயலாளர்’னா பழைய காலத்துப் பேரா இருக்குன்னு ‘செயல் மேலாளர்’னு மாத்துனோம். புதுசா லெட்டர்பேடு அடிச்சோம். அப்பிடியும் தோத்தோம். இந்தக் காலத்துப் பயலுவளுக்கு நன்றி கெடையாது தம்பி.

அப்பதான் கோச்சு வைக்கணும்னு பேச்சு வந்துது. உள்ளூர் ஆளுன்னா எந்தத் தெருன்னு வரும். அதனால தெருவே இல்லாத ஆளு வேணும். பெண் பிள்ளைய பள்ளிக்கூடத்துல பெனடிக்டா டீச்சர்னு இருக்காவ, பி.டி. டீச்சர். உள்நாட்டுக்காரி, வாடகை வீடு. அவுங்க வீட்டுக்கு வாசல் கிணத்துத் தெருவுல, பின்வாசல் கொத்தத் தெருவுல. எந்தத் தெருவுலயும் சேக்க முடியாது. அதுக்கே ஒரு கூட்டம் போட்டோம்னு வைங்க. டீச்சர் மாநில டீமுக்கு ஆடுனவங்களாம். ‘பொம்பளையா நமக்குப் பந்து சொல்லித் தரணும்’னு நாலு பேரு மொணங்குனான். நான் விடல. ‘ஏல, காலம் மாறிப் போச்சி’ன்னு சொல்லி, டீச்சரக் கூப்பிட்டு முழு அதிகாரம் குடுத்தேன். வாயால இல்ல, எழுத்துல. ‘பயிற்சியாளருக்கு முழு அதிகாரம் உண்டு.’ கீழ சின்ன எழுத்துல மூணே மூணு சங்கதி மட்டும் தள்ளி வச்சிருந்தோம். யாரு ஆடணும், எந்த எடத்துல ஆடணும், நடுவுல யார மாத்தணும். மத்தபடி எல்லாம் அவுங்க இஷ்டம்.

டீச்சர் அத ரெண்டு தடவ வாசிச்சாவ. ‘அப்ப பந்துல காத்து நான் அடிச்சுக்கலாமா சார்?’னு கேட்டாவ. ‘தாராளமா அடிங்க டீச்சர்’னேன். பெருந்தன்மையில நம்மள எவனும் அடிச்சிக்கிட முடியாது.

மொத ஆட்டத்துலயே அவுங்களுக்கு எங்க முறை புரியல பாவம். இடைவேளை விட்டான். டீச்சர் கரும்பலகையத் தூக்கிட்டு ஓடி வாராவ, அங்க ஒரு பயலயும் காணும். எப்பிடி இருப்பான்? இடைவேளையில அவன் அவன் தெருக்காரன்கிட்ட போயிருவான்லா. மைதானத்தச் சுத்தி பதினோரு குடை நிக்கும், பதினோரு குடையடியில பதினோரு கமிட்டி ஆளு, ஆளுக்கொரு சர்பத்து. அவங்க தெரு ஆளுக்கு அவங்க சொல்லிக் குடுப்பாவ. கப்பக்காரத் தெருக் குடையில ‘முன்னால போகாத’ம்பாவ, சிப்பிக்காரத் தெருக் குடையில ‘பந்த அவனுவளுக்குக் குடுக்காத’ம்பாவ. நான் என் மவன்கிட்ட ‘பயப்படாம நில்லு’ம்பேன். டீச்சர் நடு மைதானத்துல பலகையோட நின்னாவ. ரெப்ரி போயி பேச்சுத் துணைக்கு நின்னாரு.

இன்னொரு ஆட்டத்துல நெத்திலித் தெருப் பயலுக்குக் கால் பிசகிட்டு. தெருவுல மாத்து ஆளு இல்ல, கடலுக்குப் போயிருந்தான். வேற தெரு ஆள எறக்க முடியாது. பத்து பேரோட ஆடுனோம். எதிர் டீமுக்காரன் சிரிச்சான். சிரிக்கட்டும். கொள்கை இல்லாதவன் சிரிக்கத்தான் செய்வான்.

மணி என்ன தம்பி? ரெண்டரையா? இந்த டிரைவர் என்ன மாட்டு வண்டியா ஓட்டுதான்?

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, டீச்சர். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துட்டாவ. என் வீட்டுக்காரி பிலோமி காப்பி போட்டுக் குடுத்தா. டீச்சர் காப்பியத் தொடல. ‘சார், உங்க மகன் கீப்பரே இல்ல. அவனுக்குப் பந்து கைக்கு வந்தா பயம், காலுக்கு வந்தா சந்தோசம். பயிற்சியில முன்னால விட்டுப் பாத்தேன். இந்த மாவட்டத்துல அவன் மாதிரி இடது கால் இல்ல’ன்னாவ. கிளாட்வின் கதவுகிட்ட நிக்கான். ‘ஒரே ஒரு ஆட்டம்ப்பா’ன்னான். பிலோமி வேற, ‘பய ஆசைப்படுதான்லா, விட்டுக் குடுங்களேன்’னா.

நான் என்ன செய்ய முடியும்? நான் தகப்பனா மட்டுமா இருக்கேன்? செயல் மேலாளர்லா? எங்க அப்பா போட்டோவக் காட்டுனேன். ‘டீச்சர், அந்தக் கம்பத்துக்கு நடுவுல நின்னுதான் இவரு மூக்கு ஒடஞ்சிது. அந்த எடத்த விட்டுட்டு வரச் சொல்லுதியளா?’ன்னேன். டீச்சர் போட்டோவப் பாத்தாவ. ‘மூக்கு ஒடஞ்சதுக்குப் பொறவாவது கேட்டிருக்கலாமே சார், அவருக்கு அங்க நிக்க இஷ்டமான்னு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. காப்பி ஆறிப் போச்சி. திமிரு. வாடகை வீட்டுல இருக்கவங்களுக்கு இந்தத் திமிரு.

இப்ப வாங்க கடேசி ஆட்டத்துக்கு. பூவரசங்குளத்துக்காரனோட, அவன் ஊர்ல. ஜெயிச்சா மொதல் டிவிசன்ல தங்குவோம், இல்லன்னா அறுபது வருசப் பேரு அத்தோட சரி. பிளேயர் பயலுவள டீச்சரோட லைன் பஸ்ஸுல காலையிலயே அனுப்பியாச்சி. கமிட்டிக்கு தனி வேன். எப்பவும் அதுதான் முறை. ஓடுத பயலுவளுக்கு எதுக்கு வேன்? உக்காந்து முடிவெடுக்குதவங்களுக்குத்தான் அலுப்பு ஆவாது.

பதினோரு பேரும் வேன்ல ஏறுனோம். வழியில எறங்கி வயிறாரச் சாப்பிட்டோம். பொறவு எந்த வழியாப் போறதுன்னு பேச்சு வந்துது. ஒருத்தன் மேற்கால ரோடுங்கான், ஒருத்தன் ரயில்வே கேட்டு வழிங்கான், நெத்திலித் தெரு ஆளு உப்பளத்து ஓரமா அவன் மச்சான் ஊரு வழியாத்தான் போவணுங்கான். டிரைவர் பய மட்டும், ‘சார், எனக்கு வழி தெரியும், நான் தெனமும் போற ரூட்டு’ன்னான். நல்ல கதையா இருக்கே? அவன் டிரைவரு. ஓட்டுறதுக்குத்தான அவன வச்சிருக்கு? வழிய அவன்கிட்ட விட்டா அப்புறம் கமிட்டி என்னத்துக்கு? ஓட்டெடுத்தோம். ஆறுக்கு அஞ்சு, உப்பளத்து வழி. கால் மணி நேரத்துல பின் சக்கரம் ரெண்டும் உப்புச் சேத்துக்குள்ள எறங்கிட்டு.

சிரிக்காதிய தம்பி. அந்த வெயில்ல, புதுச் செருப்போட, பதினோரு பேரும் தள்ளுனோம். யாரு பின்னால நின்னு தள்ளணும், யாரு பக்கத்துல நிக்கணும்னு அதுலயும் ஒரு சின்ன வாக்குவாதம். ரெண்டு மணி நேரம். டிரைவர் வரப்புல உக்காந்து பீடி குடிக்கான். கேட்டா, ‘சொல்லுங்க சார், எந்தப் பக்கம் திருப்பணும்னு ஓட்டெடுத்துச் சொல்லுங்க’ங்கான். எடுபட்ட பய.

நாங்க போயிச் சேருதோம், ஆட்டம் முடிஞ்சி பத்து நிமிசம் ஆச்சி. மைதானம் முழுக்க நம்ம பயலுவ சத்தம். ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சிட்டானுவ! பெனோ கீப்பர் கையுறையோட நிக்கான். எட்டு பந்து புடிச்சானாம். கொர்னேலி அண்ணன் வெளிய பெஞ்சுல துண்டு விரிச்சி உக்காந்து அழுதுட்டு இருக்காரு, சந்தோசத்துல. ‘மச்சாது, முப்பது வருசத்துல மொத தடவ ஆட்டத்த உக்காந்து பாத்தேம்ல’ங்காரு. என் மவன் நாலு பேரு தோள்மேல இருந்தான். மூஞ்சி எல்லாம் புழுதி. என்னப் பாத்ததும், ‘அப்பா! ரெண்டாவது கோலு நான்! பாத்தியளா?’ன்னு கத்துனான்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘பட்டியல்ல யாரு கையெழுத்து?’

கேக்கணும்லா தம்பி? கழகத்து விதி ஏழு அப்பிடித்தான் சொல்லுது. பதினோரு தெரு கையெழுத்தும், கீழ என் கையெழுத்தும் இல்லாத பட்டியல் செல்லாது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்துலயும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்து வச்சிருக்கோம். நாங்க வராததால டீச்சர் தானே ஒரு தாள்ல பதினோரு பேரையும் எழுதி, தானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாவ. தெருவு பாக்காம, எடம் பாக்காம, இஷ்டத்துக்கு. நீங்க சொல்லுங்க, இது ஜெயிப்பா?

பயலுவ என் மவன கீழ எறக்கி விட்டுட்டானுவ.

மறுநாளே கமிட்டி கூடுனோம். பதினோரு பேரும் ஒரே கருத்து. இருபத்திரண்டு வருசத்துல மொத தடவையா ஓட்டெடுக்காம ஒரு தீர்மானம் போட்டோம்னா அது அன்னைக்குத்தான். ‘நம்ம டீமு ஜெயிச்சது செல்லாது’ன்னு சங்கத்துக்கு நாமளே பெட்டிசன். நான்தான் கொண்டு போயிக் குடுத்தேன். அங்க இருந்த பெரியவரு வாசிச்சாரு, கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு, மறுபடியும் வாசிச்சாரு. ‘எதிர் டீமே புகார் குடுக்கலியே, நீங்க ஏன் வாரிய?’ன்னாரு. ‘நீதின்னா நீதிதான் சார்’னேன். அவருக்கு வேற வழி இல்ல, எழுத்துல இருக்குல்லா. ஆட்டத்த பூவரசங்குளத்துக்காரன் ஜெயிச்சதா மாத்திட்டாவ. நாங்க கீழ எறங்கிட்டோம். பூவரசங்குளத்துக்காரன் ஊர்லேருந்து வந்து எனக்கு மாலை போட்டுட்டுப் போனான். எதிர் டீமு வந்து மாலை போட்ட செக்ரட்டரி இந்த மாவட்டத்துலயே நான் ஒருத்தன்தான்.

கிளாட்வினா? அன்னைக்கு வீட்டுக்கு வந்தான். அவங்க தாத்தாவோட பழைய தோல் கையுறை ஒண்ணு இருக்கும், அவன் பத்து வயசுலேருந்து தலைமாட்டுல வச்சிப் படுப்பான். அத எடுத்து நான் சாப்பிடுத தட்டுக்குப் பக்கத்துல வச்சான். ‘இந்தாங்கப்பா, உங்க தெரு’ன்னான். அத்தோட சரி. ஒரு வருசம் ஆவப் போவுது. ஒரே வீட்டுல இருக்கோம். ‘அப்பாவுக்குக் கொழம்பு ஊத்தும்மா’ன்னு அவங்கம்மாட்ட சொல்லுவான். எங்கிட்ட நேரா ஒரு வார்த்த கெடையாது.

பயலுவ எல்லாம் கழகத்த விட்டுப் போயிட்டான். டீச்சர் புதுசா ஒரு டீமு பதிஞ்சிட்டாவ. பேரு என்ன தெரியுமா? ‘ஒரே தெரு கால்பந்துக் குழு.’ பாத்தியளா குசும்ப? யாரக் குத்துதாவ? கடேசி டிவிசன்லேருந்து ஆரம்பிச்சி, இந்த வருசம் ஆடுன ஏழும் ஜெயிச்சிட்டானுவ. இன்னைக்கு எட்டாவது. ஜெயிச்சா மேல ஏறிருவான். அதுக்குத்தான் இந்தப் பெட்டிசன். மாதா முக்காட்டு நீலம் எங்க கழகத்துக்குச் சொந்தம், தீர்மானம் போட்டு முடிவானது. அத அவன் எப்பிடிப் போடலாம்? எங்க நிறத்தப் போட்டு ஆடுன எட்டு ஆட்டமும் செல்லாதுன்னு எழுதியிருக்கு. இன்னைக்கு ஆட்டத்தையும் சேத்துத்தான். பதினோரு கையெழுத்து இருக்கு, எண்ணிப் பாருங்க.

எங்க கழகமா? அது நல்லா நடக்கு. மாசத்துல மொத ஞாயிறு கமிட்டி கூடுது, வடை காப்பி உண்டு. பிளேயருன்னு யாரும் இல்ல, நிர்வாகம் மட்டுந்தான். சுத்தமா இருக்கு தம்பி. இந்த வருசம் ஒரு தோல்வி கெடையாது.

இப்ப மணி என்ன? மூணே காலா? ஆட்டம் நாலு மணிக்கு. இந்த ரோட்டு வேலைய எவன் ஆரம்பிச்சான், சவம்.

அந்த ரெண்டாவது கோலு இருக்கே. நான் பாக்கலல்லா, அதனால விசாரிச்சேன். விசாரணைக்குத்தான், பெட்டிசன்ல எழுதணும்லா. கொர்னேலி அண்ணன் சொல்லுதாரு, ரெண்டு ஆள ஏமாத்திட்டு அடிச்சானாம். பெனோ மூணு ஆளுங்கான். அங்க சுண்டல் விக்கிறவர் ஒருத்தரத் தேடிப் போயிக் கேட்டேன். ஆள எல்லாம் அவரு எண்ணலியாம், பந்து போன சத்தத்துல சுண்டல் பொட்டலத்தக் கீழ போட்டுட்டாராம். ரெப்ரி வீட்டுக்குப் போனேன். அவரு சொன்னாரு, இருபத்தஞ்சு கெசத்துலேருந்து இடது காலாம், மேல் மூலையாம், கீப்பரு அசையவே இல்லியாம். ‘யாரு நின்னாலும் புடிச்சிருக்க முடியாது சார்’னாரு. யாரு நின்னாலும். நான் நின்னிருந்தாலுமான்னு கேட்டேன். ‘நீங்க நின்னிருந்தாலும்’னாரு. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஒருத்தன் சொன்ன மாதிரி இன்னொருத்தன் சொல்லல. பதினோரு பேருகிட்ட கேட்டேன், பதினோரு கோலா இருக்கு. பெத்தவன் பாத்திருந்தா ஒரு கோலா இருந்திருக்கும்.

இது வேற விசயம். விடுங்க.

மைதானத்துக்கு நான் போவ முடியாது தம்பி. பெட்டிசன் குடுக்குத ஆளு அந்த ஆட்டத்தையே போயிப் பாத்தா நாலு பேரு என்ன பேசுவான்? அது போவ, பய அவங்கம்மாட்டச் சொல்லி விட்டிருக்கான். ‘அப்பா கிரவுண்டுல நிக்கத நான் பாத்தா, நான் எறங்க மாட்டேன்’னு. பிலோமி சொன்னா. சொல்லும்போது அழுதா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை.

இந்தா, பாலம் வந்துட்டு. அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். தம்பி, ஆஸ்பத்திரியில யாரு, சொந்தமா? மச்சினிச்சிக்குப் பிள்ள பொறந்திருக்கா! ஆம்பளப் பிள்ளையா? நல்லா இருக்கட்டும். பாக்குறதுக்கு அஞ்சு மணிக்கு மேலதான விடுவான்? அதுவரைக்கும் என்ன செய்வியன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கந்தான் மைதானம். சும்மா ஒரு எட்டு போயி நிக்கலாம். டிக்கெட்டு எல்லாம் கெடையாது.

முன்னால ஓடுத பயலுவள்ல ஒருத்தன் குட்டையா இருப்பான். முதுகுல ஒண்ணாம் நம்பர். ஒண்ணாம் நம்பர் கீப்பருக்குப் போடுறது, முன்னால ஓடுதவன் எவனாவது போடுவானா? கூறு கெட்ட பய. அவங்க தாத்தா நம்பரு. டீச்சர் மாத்திக்கச் சொல்லியும் கேக்கலியாம். அதனால கண்டுபிடிக்க லேசு.

என் நம்பர எழுதிக்கிடுங்க. பேசல்லாம் வேண்டாம், காசு போவும். அவன் ஒரு கோலு போட்டான்னா ஒரு மிஸ்டு கால். ரெண்டுன்னா ரெண்டு. எப்பிடிப் போட்டான்னு நீங்க நல்லாப் பாத்து வச்சிக்கிடுங்க, எந்தக் காலு, எத்தன ஆளுன்னு. பொறவு இதே ஸ்டாப்புல நின்னு எனக்குச் சொன்னாப் போதும்.

நானா? சங்கத்து ஆபீசுக்கு எதுத்தாப்புல டீக்கடை இருக்கு, அங்க உக்காந்திருப்பேன். போன் வாரதுக்கு முந்தி ஆபீசுக்குள்ள போயிட்டா, அங்க மணியடிச்சா எடுக்க முடியாதுல்லா. ஆபீசு அஞ்சு மணிக்குப் பூட்டிருவான். ஆட்டம் முடிய எப்பிடியும் அஞ்சே முக்கால் ஆவும்.

ஆவட்டும். நீங்க ஆட்டம் முடியுற வரைக்கும் நில்லுங்க தம்பி. அந்தப் பைய எடுங்க. இல்ல, மடிச்சே எடுங்க, கசங்குனாலும் பரவாயில்ல.